ஏற்காட்டில் ஒரு நாள் வாழ்த்து அட்டைப் பயிற்சி: வகுப்புக்கு ஒரு மதிப்பெண், பெட்டிக்கு வேறொரு மதிப்பெண்

கடந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமையன்று, ஏற்காட்டில் நாகலூர் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு காப்பித் தோட்ட வீட்டில் நடைபெற்ற வாழ்த்து அட்டைப் பயிற்சிக்கு நானும் என் நாத்தனாரும் சென்றிருந்தோம். முத்திரை பதித்தல், சூடு காட்டி எழுத்தைப் புடைக்க வைத்தல், சூடில்லாமல் அழுத்தியே காகிதத்தைப் புடைக்க வைத்தல், வண்ணமும் துணியும் இலையும் பசைக்கலவையும் ஓர் அட்டையில் சேர்ந்து அமையச் செய்தல் ஆகிய நான்கு வேலைகளையும் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கரை மணிக்குள் கற்றுத் தருகிறார்கள். மதிய உணவு உட்பட ஒருவருக்குக் கட்டணம் 1,800 ரூபாய். விரும்புகிறவர்கள், வகுப்பு முடிந்ததும் 2,400 ரூபாய் கொடுத்துப் பொருள்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். வகுப்பு கொடுத்த பணத்துக்கு மேலேயே பயன் தந்தது. பெட்டி அப்படித் தரவில்லை. ஒரு தடவைக்கு ஆறு பேரை மட்டுமே சேர்த்துக்கொண்டு இந்தப் பயிற்சியை நடத்தும் அம்மையார், தம் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை.

உடனே எழுதாமல் நான்கு மாதங்கள் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. வகுப்பு நடந்தது மார்கழிப் பனியில், 1,500 மீட்டர் உயரத்தில். நான் இந்த வேலையைச் செய்யப்போவதோ சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் ஓடு வேய்ந்த வீட்டின் முன்னறையில். மலையில் கற்றது சமவெளியின் சித்திரை வெயிலிலும் கைகொடுக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வதே முறை என்று நினைத்தேன். பொங்கலுக்குப் பன்னிரண்டு அட்டைகளும், பின்னர் ஏப்ரலில் உறவினர் திருமணம் ஒன்றுக்கும் புத்தாண்டுக்குமாகச் சேர்த்து எட்டு அட்டைகளும் செய்து முடித்த பிறகே இதை எழுதுகிறேன்.

பொங்கல் வாழ்த்து அட்டை என்பது எங்கள் தலைமுறைக்கு வெறும் காகிதம் அன்று. மார்கழி பிறந்துவிட்டால் கடைவாசல்களில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பானையும் கரும்பும், காளையும் உழவரும், சாமி படமும் நடிகர் படமும் வரிசையாக ஆடும். யாருக்கு எந்த அட்டை என்று தேர்ந்தெடுப்பதற்கே ஒரு மாலைப்பொழுது வேண்டும். இப்போது அந்தக் கயிறுகளைக் காண்பது அரிதாகிவிட்டது. கைப்பேசியில் வரும் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு, இந்த ஆண்டாவது என் கையெழுத்தோடு, என் கையால் செய்த அட்டைகளை அனுப்ப வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆகவே பொழுதுபோக்குக்காகச் சென்றவளாக அல்லாமல், பன்னிரண்டு அட்டைகளைச் செய்தே தீர வேண்டியவளாக அந்த வகுப்பில் அமர்ந்தேன் என்பதை மனத்தில் வைத்து இந்த மதிப்புரையைப் படிக்க வேண்டுகிறேன்.

முதல் முக்கால் மணி நேரம் காகிதத்துக்கே போயிற்று. என்னுடன் வந்த சிலருக்கு அது சலிப்பாக இருந்திருக்கலாம். எனக்கு வகுப்பின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றாகப் பட்டது. நாம் அன்றாடம் அச்சிடப் பயன்படுத்தும் தாள் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்); அதில் சூடு காட்டினால் சுருண்டுவிடும், ஈரம் பட்டால் அலையலையாக எழும்பிவிடும். அட்டையின் அடித்தளத்துக்கு 300 ஜி.எஸ்.எம். அளவிலான வழுவழுப்பான அட்டையும், வண்ணம் தீட்டும் மேலடுக்குக்கு நீர்வண்ணக் காகிதமும் வேண்டும் என்றார். காகிதத்துக்கும் துணிக்கு இருப்பது போல ஓர் ஓட்டம் உண்டு என்பதும், அந்த ஓட்டத்தின் வழியே மடித்தால் மடிப்பு நேராக விழும், குறுக்கே மடித்தால் மேற்பரப்பு வெடித்து வெள்ளையாகத் தெரியும் என்பதும் எனக்குப் புதிய செய்திகள். தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் எளிதில் வளைகிறதோ அதுவே ஓட்டத்தின் திசை என்று கண்டுகொள்ள ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. மடிப்புக் கோட்டை முதலில் அளவுகோலை வைத்து மழுங்கிய முனையால் கீறி, பின்னர் எவர்சில்வர் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து முடிக்கச் சொன்னார். இதற்கென்றே கடையில் விற்கும் கருவியை வாங்க வேண்டாம் என்று அவரே சொன்னது எனக்கு நம்பிக்கையைத் தந்தது.

அடுத்தது முத்திரையும் மையும். ரப்பர் முத்திரை, கண்ணாடி போன்ற ஒளிபுகும் முத்திரை ஆகிய இரண்டையும் கையில் கொடுத்தார். ஒளிபுகும் முத்திரையை அக்ரிலிக் கட்டையில் ஒட்டிப் பதிக்கும்போது, அடியில் எங்கே விழுகிறது என்பது தெரிவதால் புதியவர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் மையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அலுவலக ஸ்டாம்ப் பேடில் இருப்பது போன்ற சாய மை காகிதத்துக்குள் ஊறி உடனே உலர்ந்துவிடும். அதன்மேல் தூவும் எம்பாசிங் பவுடர், அதாவது சூட்டில் உருகி எழுத்தைப் புடைக்க வைக்கும் பிசின் பொடி, ஒட்டவே ஒட்டாது. நிறமி மையும், நிறமற்றுப் பிசுபிசுப்பாக இருக்கும் எம்பாசிங் மையும் மெதுவாக உலர்கின்றவை. பவுடரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் இவற்றுக்குத்தான் உண்டு. வகுப்பில் பயன்படுத்தியது ஜப்பானியத் தயாரிப்பான வெர்சாமார்க் என்னும் எம்பாசிங் மை பேடு. விலை கூடுதல்தான், ஆனால் அன்று முழுவதும் ஆறு பேர் மாற்றி மாற்றி அழுத்தியும் அதன் ஈரப்பதம் குறையவில்லை.

இனி, அந்த நாளின் உயிர்நாடியான வேலைக்கு வருகிறேன். முத்திரையைப் பதிப்பதற்கு முன் காகிதத்தின் மேற்பரப்பை ஒரு சிறிய துணிமுடிச்சால் மெல்லத் தட்ட வேண்டும். அந்த முடிச்சில் இருப்பது வேறொன்றும் இல்லை, மெல்லிய மல்துணியில் கட்டிய முகப்பவுடர். காகிதத்தில் இருக்கும் ஈரத்தையும் விரல் எண்ணெயையும் நிலைமின்னூட்டத்தையும் அது போக்கிவிடுவதால், எழுத்துக்கு வெளியே எம்பாசிங் பவுடர் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்வதில்லை. பிறகு முத்திரையைப் பதித்து, மை ஈரமாக இருக்கும்போதே எம்பாசிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டி, மிஞ்சியதை அடியில் வைத்த மடித்த தாளில் தட்டிச் சேர்த்து, மீண்டும் புட்டிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். ஒரு சிட்டிகைகூட வீணாவதில்லை. தாளின் பின்புறத்தை நகத்தால் சுண்டியதும் தேவையற்ற துகள்கள் உதிர்ந்து, மாவில் வரைந்த கோலம் போல எழுத்து மட்டும் மங்கலாக நிற்கும்.

அதன்பின், அனல்காற்றை வீசும் கருவியான ஹீட் கன். அதைக் காகிதத்தை நோக்கித் திருப்புவதற்கு முன் பத்துப் பதினைந்து விநாடிகள் வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த நிலையிலேயே காட்டினால், பவுடர் உருகுவதற்குள் காகிதம் வதங்கிவிடும். சூடேறிய கருவியை இரண்டு விரற்கடை தூரத்தில் பிடித்து ஓர் ஓரத்திலிருந்து தொடங்கினால், மணல் போல இருந்த பவுடர் சட்டென்று உருகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு வந்த கணமே அடுத்த எழுத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். முதல் அட்டையில் என் கை அங்கேயே நின்றுவிட்டது. பொன்னிறம் காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறை போல மங்கிப்போயிற்று. "அவசரமும் வேண்டாம் கண்ணு, நின்னுடவும் கூடாது. காகிதம் குடிச்சுட்டா திரும்ப வாங்க முடியாது" என்றார் அவர். இரண்டாவது அட்டையில் சூட்டைக் கீழ்ப்புறத்திலிருந்து காட்டச் சொன்னார். அப்படிச் செய்தபோது பவுடர் பறக்கவும் இல்லை, காகிதம் அதிகம் வளையவும் இல்லை.

திருமணப் பத்திரிகைகளில் விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும் எழுத்துகளைப் பார்த்திருப்போம். அவற்றுள் ஒரு வகை, உலோக அச்சுகளுக்கிடையே காகிதத்தை அழுத்திப் புடைக்க வைத்தது. மற்றொரு வகை, ஈர மையின்மேல் பிசின் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கியது. இரண்டாவதன் வீட்டு வடிவமே நாம் செய்யும் இந்த வேலை. இதை அவர் விளக்கிய பிறகு, வீட்டில் இருக்கும் பழைய பத்திரிகைகளையெல்லாம் எடுத்துப் பின்புறத்தைத் தடவிப் பார்த்தேன். பின்புறம் குழிந்திருந்தால் அது அச்சு, சமமாக இருந்தால் அது பொடி.

இந்த வகுப்பை நான் மற்றவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம், தமிழ் எழுத்தைப் பற்றிய அவருடைய அக்கறை. இணையக் காணொளிகள் அனைத்தும் ஆங்கில முத்திரையைக் கொண்டே கற்பிக்கின்றன. தமிழ் எழுத்தின் உடல்வாகு வேறு. "பொங்கல்" என்று எழுதினால் 'ங்' மீதும் 'ல்' மீதும் புள்ளி. 'ல' உள்ளே சுழி. "வாழ்த்துகள்" என்றாலோ 'ழ்' மீதும் 'த்' மீதும் 'ள்' மீதும் புள்ளிகள். சாதாரணப் பருமனுள்ள பவுடரைத் தூவினால், உருகிய பொடி சுழிக்குள் நிறைந்துவிடும்; புள்ளி வீங்கி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி ஒட்டிவிட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகப் படிக்கப்படும் அல்லவா? இதற்காகவே அவர் நுண்பொடியைத் தனியே வைத்திருக்கிறார். மெல்லிய கோடுகளுக்கும் சிறிய எழுத்துகளுக்கும் நுண்பொடி. பானை, கரும்பு போன்ற தடித்த உருவங்களுக்குச் சாதாரணப் பொடி. மெழுகு ஊற்றியது போன்ற தடிமன் வேண்டிய இடத்துக்குப் பருமணிப் பொடி. ஒரே வாழ்த்தை நுண்பொடியிலும் சாதாரணப் பொடியிலும் அடுத்தடுத்துப் பதித்துக் காட்டியபோது, ஒன்றில் ஐந்து புள்ளிகளும் தனித்தனியே நின்றன. மற்றொன்றில் இரண்டு மறைந்துபோயின. இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்த எனக்கு, அந்த ஒப்பீட்டுக்கே 1,800 ரூபாய் தகும் என்று தோன்றியது.

தமிழ் முத்திரையை எங்கே வாங்குவது என்ற கேள்விக்கும் அவரிடம் நேரான விடை இருந்தது. எங்கும் தேட வேண்டாம், அலுவலக முத்திரை செய்து தரும் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கொடுத்தாலே போதும் என்றார். சேலத்தில் அத்தகைய கடைகளுக்குக் குறைவில்லை. நான் என் கையெழுத்திலேயே "பொங்கல் வாழ்த்துகள்" என்று கறுப்பு மையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதைச் சிறிதாக்கி மூன்று நாளில் 350 ரூபாய்க்குச் செய்து தந்தார்கள். ஓர் எச்சரிக்கையை மட்டும் சொல்ல வேண்டும். முதலில் கடைக்காரர் கணினியில் தட்டச்சு செய்து காட்டிய மாதிரியில் "வாழ்த்துக்கள்" என்று ஒற்று மிகுந்திருந்தது. 'வாழ்த்து' என்னும் சொல்லோடு 'கள்' சேரும்போது ஒற்று மிகாமல் "வாழ்த்துகள்" என்று எழுதுவதையே நான் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். தாளில் விழுந்த பிழையை அடித்துத் திருத்தலாம். ரப்பரில் விழுந்த பிழை ஒவ்வோர் அட்டையிலும் மீண்டும் மீண்டும் பதியும். ஆகவே மாதிரியைக் கையில் வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே செய்யச் சொல்லுங்கள். கோடுகள் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமலும், சுழிகள் சற்றே அகலமாகவும் இருக்கும்படி கேட்டுக்கொள்வதும் நல்லது.

சூடில்லாத புடைப்பு வேலையைப் பித்தளை அச்சுத்தகடு ஒன்றின் உதவியால் செய்தோம். சன்னல் கண்ணாடியில் தகட்டை ஒட்டி, அதன்மேல் காகிதத்தை முகம் கவிழ்த்து வைத்தால், வெளிச்சத்தில் வடிவம் தெரியும். உருண்டை முனையுள்ள கோலால் வடிவத்தின் ஓரத்தைச் சுற்றி அழுத்தி வந்தால், முன்புறத்தில் அந்த வடிவம் மேடாக எழும். காகிதத்தின் பின்புறத்தை முதலில் மெழுகுத்தாளால் தேய்த்துக்கொண்டால் கோல் வழுக்கிச் செல்லும், காகிதம் கிழியாது. எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் இதற்குப் போதும். எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் வீடுகள் பல உண்டு. அச்சில் வைத்துத் தட்டிய தகட்டில் பூ எழுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் என்பதால், இந்தப் பகுதி எனக்குப் பழகிய வேலை போலவே இருந்தது. அன்று பனி மூடிச் சன்னலில் வெளிச்சம் மங்கியதால், கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு வைத்துத் தொடர வேண்டியதாயிற்று. ஒரே ஒரு விளக்குப் பலகைக்கு ஆறு பேர் காத்திருந்தது குறைதான். இன்னும் ஒன்று இருந்திருந்தால் அரை மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

அந்த அரை மணி நேரம் எங்கே தேவைப்பட்டது என்றால், பல பொருள்களைச் சேர்த்து அட்டையை அமைக்கும் கடைசிப் பகுதியில். காப்பி டிகாக்‌ஷனைத் தண்ணீரில் கலந்து தூரிகையால் இழுத்துக் காகிதத்துக்குப் பழுப்பு நிறம் ஏற்றினோம். தோட்டத்தில் காப்பிச் செடிகளுக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலையை எடுத்து, அதன் நரம்புப் பக்கத்தில் வண்ணம் தடவிப் பதித்தோம். துளைத்தகட்டின் வழியே பசைக்கலவையைத் தேய்த்து மேடான கோலம் போட்டோம். சில்வர் ஓக் இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியது போல இருக்கும். அழுத்தி உலர்த்திய இலையையே என் நாத்தனார் தன் அட்டையில் ஒட்டிவிட்டார். நான் பழைய சேலைக் கரையிலிருந்து ஒரு விரல் அகலச் சரிகைத் துண்டை எடுத்துச் சென்றிருந்தேன். நிறமற்ற பவுடரில் கரும்பைப் புடைக்க வைத்து, அதன்மேல் நீர்வண்ணத்தை ஓடவிட்டால், உருகிய பிசினில் வண்ணம் ஒட்டாமல் வழிந்து, வெள்ளைக் கரும்பு தானே வெளிப்படும். அதைக் கண்டதும் அறையில் எல்லோருமே எழுந்து வந்து பார்த்தோம்.

எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசை இங்கே மிக முக்கியம். அதைத்தான் போதிய நேரம் எடுத்துச் சொல்லவில்லை. பசைக்கலவை ஈரமாக இருக்கும்போது அதை உலர்த்துவதற்காக ஹீட் கன்னைக் காட்டினேன். கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிவிட்டது. அது போதாதென்று, பக்கத்தில் ஏற்கெனவே புடைத்திருந்த எழுத்தும் மீண்டும் உருகிப் பளபளப்பை இழந்தது. வீட்டில் செய்து பார்த்த அனுபவத்தில் நான் வகுத்துக்கொண்ட வரிசை இது: முதலில் வண்ணம் பூசி முழுமையாக உலரவிடுவேன், அதன்பின் முத்திரையும் பவுடரும் சூடும், அவையெல்லாம் ஆறிய பிறகு பசைக்கலவை இட்டு இரவு முழுவதும் தானாக உலரவிடுவேன், துணியும் சமிக்கியும் கடைசியில்தான். கரும்பு அட்டையைப் போல வண்ணத்தைத் தடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் பவுடர் முதலில் வரும். துணியை ஒட்டுவதற்கு ஃபெவிகாலைக் கெட்டியாக, மிக மெல்லிய பூச்சாகத் தடவி, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்துவிட்டால் அட்டை வளைவதில்லை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், சோறும் மிளகு ரசமும் பீன்ஸ் பொரியலும் சூடாக இருந்தன. தோட்டத்துக் காப்பி இருமுறை கிடைத்தது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வர வேண்டும் என்பதால், வாந்தி வரும் இயல்புள்ளவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுவது நல்லது. நடுவில் இருபது நிமிடம் மின்சாரம் நின்றது. ஹீட் கன் ஓடாது என்பதால் அந்த நேரத்தை மடிப்பு வேலைக்குப் பயன்படுத்தினார்.

இப்போது பெட்டி. வகுப்பில் கண்ட தரத்தை நம்பியே நான் அதை வாங்கினேன். அதனால்தான் ஏமாற்றம் பெரிதாக இருந்தது. பெட்டிக்குள் பத்து ஒளிபுகும் முத்திரைகள், ஓர் அக்ரிலிக் கட்டை, ஒரு பேடு, மூன்று புட்டிப் பவுடர், இருபது அட்டைகள் இருந்தன. முத்திரைகள் பத்தும் ஆங்கிலம். தமிழ் எழுத்தின் புள்ளியைப் பற்றி அத்தனை அருமையாகச் சொல்லித் தந்தவர் விற்கும் பெட்டியில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. அவை மலிவான சிலிக்கோன் முத்திரைகள். மை பரவாமல் தாமரை இலைத் தண்ணீர் போலத் திரண்டு நின்றது. பென்சில் அழிப்பானால் முத்திரையின் முகத்தை மென்மையாகத் தேய்த்த பிறகு ஓரளவு பிடித்தது. பேடு வகுப்பில் பயன்படுத்திய வகை இல்லை. நான்காவது அட்டையிலேயே ஓரங்களில் வறண்டுவிட்டது. புட்டிகளில் நுண்பொடி இல்லை. அட்டைகள் என் கைக்கு மெல்லியதாகத் தெரிந்தன. கடையில் எடை பார்த்துக் கணக்கிட்டபோது 180 ஜி.எஸ்.எம். அளவுக்கே வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹீட் கன் பெட்டியில் இல்லை. அது இல்லாமல் மூன்று புட்டிப் பவுடரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இவற்றை அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். பெட்டியை வேறொரு நிறுவனத்திடமிருந்து மொத்தமாக வாங்கி விற்பதாகவும், பேடை மட்டும் மாற்றித் தருவதாகவும் சொன்னார். சொன்னபடியே ஒரு வாரத்தில் புதிய பேடு வந்து சேர்ந்தது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். இருந்தாலும், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது, பெட்டியை வாங்க வேண்டாம் என்பதே. அதே 2,400 ரூபாயில் ஒரு நல்ல எம்பாசிங் பேடு, பொன்னிறத்திலும் வெள்ளையிலும் இரண்டு புட்டி நுண்பொடி, கைவினை வேலைக்கான சிறிய ஹீட் கன் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளலாம். அட்டையைச் சேலம் கடைவீதிக் காகிதக் கடைகளில் பெரிய தாளாக வாங்கி, அங்கேயே வெட்டித் தரச் சொல்லலாம். நான் அப்படித்தான் மறுபடியும் வாங்கினேன். பின்னணி அடுக்குக்குப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைவினைக் காகிதம் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அது சொரசொரப்பானது என்பதால் எழுத்து பதிக்க ஏற்றதன்று, ஆனால் அடியில் ஓர் அடுக்காக வைத்தால் அட்டைக்கே ஒரு கண்ணியம் வந்துவிடுகிறது.

ஹீட் கன் விஷயத்தில் இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். தலைமுடி உலர்த்தியை வைத்துச் சமாளிக்கலாம் என்று என் நாத்தனார் முயன்றார். அதன் காற்று பவுடரைப் பறக்கவிட்டதே தவிர உருக்கவில்லை, ஏனெனில் அதில் காற்று வேகம் அதிகம், சூடு குறைவு. மாறாக, சுவர் வண்ணம் உரிக்கப் பயன்படும் பெரிய ஹீட் கன்னின் சூடு 500 பாகையையும் தாண்டக்கூடியது. காகிதம் கண்ணெதிரே பழுப்பாகிவிடும். கைவினைக்கான சிறிய கருவி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அது வந்து சேரும் வரை, சூடான இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, காகிதத்தின் பின்புறத்தை அதன்மேல் காட்டி இரண்டு அட்டைகளைச் செய்தேன். சிறிய எழுத்துக்கு அது போதுமானதாகவே இருந்தது. பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். எந்தக் கருவியானாலும் அதன் முனை அணைத்த பிறகும் நெடுநேரம் சுடும் என்பதால், பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை ஓட்டின்மேலோ பீங்கான் தட்டிலோ நிறுத்தி வையுங்கள்; சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

சித்திரை வெயிலில் எதிர்பாராத பாடம் ஒன்று கிடைத்தது. மலையில் எங்களுக்கு எதிரியாக இருந்தது ஈரம்: பனியில் காகிதம் பதத்துப்போய்ப் பவுடர் எங்கெங்கோ ஒட்டியது, அதனால் தாள்களைச் சிலிக்கா பொட்டலத்தோடு தகர டப்பாவில் அடைத்து வைத்திருந்தார். சேலத்தில், வெப்பம் 38 பாகையைத் தொட்ட நாளில், எதிரி வறட்சியாக மாறியது. மெதுவாக உலரும் என்று சொல்லப்பட்ட மை, மின்விசிறிக் காற்றில் நான் புட்டியைத் திறப்பதற்குள் பாதி உலர்ந்துவிட்டது. எழுத்தின் ஓரங்களில் பவுடர் பிடிக்காமல் ஓட்டை விழுந்தது. வறண்ட காற்றில் நிலைமின்னூட்டமும் அதிகம் என்பதால், வெளியே துகள்கள் சிதறி ஒட்டின. மின்விசிறியை நிறுத்திவிட்டு, விடியற்காலை ஆறு மணிக்கு, புட்டியை முதலிலேயே திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஓர் அட்டை என்று செய்யத் தொடங்கிய பிறகே எழுத்து முழுமையாக வந்தது. முகப்பவுடர் முடிச்சு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி உதவியது. இந்த வேறுபாட்டை வகுப்பில் அவர் ஒரு வரியில் சொல்லியிருந்தால்கூட நான்கு அட்டைகள் வீணாகியிருக்கமாட்டா. வருகிறவர்களில் பெரும்பாலோர் சமவெளிக்காரர்கள்தாமே.

இறுதியாக அஞ்சல். ஏ4 தாளை அப்படியே இரண்டாக மடித்தால் 300 ஜி.எஸ்.எம். அட்டை ஏறக்குறைய 19 கிராம் வரும். உறையும் அலங்காரமும் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டி, 5 ரூபாய்த் தபால்தலை போதாமல் போய்விடும். தாளை முதலில் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் அட்டை 105க்கு 148 மில்லிமீட்டர் அளவில், ஒன்பது கிராமுக்குச் சற்றே கூடுதலாக அமையும். உறைக்கு நான்கு கிராம் போனாலும், சரிகைக்கும் பசைக்கலவைக்கும் ஆறு கிராம் மிச்சம் இருக்கிறது. இந்தக் கணக்கை வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டினார் என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறேன்.

பொங்கலுக்கு அனுப்பிய பன்னிரண்டும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. ஆத்தூருக்கும் ஓமலூருக்கும் நாமக்கல்லுக்கும் சென்றவற்றில் எழுத்தும் சரிகையும் பழுதின்றி இருந்தன. சென்னையில் உள்ள பெரியம்மாவுக்கும் மதுரையில் உள்ள தோழிக்கும் அனுப்பிய இரண்டு அட்டைகளில் மட்டும், பசைக்கலவையில் போட்ட கோலம் விரிசல் விட்டு ஓரத்தில் உதிர்ந்திருந்தது. பெரியம்மாவின் பேரன் படம் எடுத்து அனுப்பியதில்தான் அது தெரியவந்தது. பவுடரில் புடைத்த "பொங்கல் வாழ்த்துகள்" அதே அட்டையில் ஒரு புள்ளிகூட உதிராமல் நின்றது. ஆகவே ஏப்ரலில் அனுப்பிய எட்டு அட்டைகளில் பசைக்கலவையை இன்னும் மெல்லிய பூச்சாக, மடிப்புக் கோட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போட்டு, உறைக்குள் மேலே வெறும் அட்டை ஒன்றையும் வைத்து அனுப்பினேன். இதுவரை வந்த ஐந்து பதில்களில் எதிலும் விரிசல் இல்லை.